சிகரத்தின் முன் திரும்புதல் தோல்வியா?

ஒரு நிலையை மனதில் எண்ணிப் பாருங்கள். அதிகாலை தொடங்கி ஏழு மணித்தியாலம் மலை ஏறிவிட்டீர்கள். சிகரம் கண்ணெதிரே தெரிகிறது. இன்னும் ஒரு மணித்தியாலம் நடந்தால் அங்கே நிற்கலாம். நண்பகலுக்குள் சிகரத்தை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்று முதல்நாள் இரவு நீங்களே தீர்மானித்திருந்தீர்கள். இப்போது நண்பகலாகிவிட்டது. மேற்கே கருமுகில் ஒன்று எழுகின்றது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"இது மலையேறுவோரின் பிரச்சினை, இதில் நாம் சிந்திப்பதற்கு என்ன உண்டு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், இக்கேள்விக்குள் வேறு பல கேள்விகள் அடங்கியிருப்பதைக் காண்போம். துணிவு எது, மூர்க்கத்தனம் எது? என் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எனக்கு உண்டா? நான் விழுந்தால் என்னைத் தூக்க வருகிறவனுக்கு நான் கடமைப்பட்டவன் அல்லவா? இவற்றை வெறும் வாதமாக ஆராயாமல், உண்மையான ஒரு மலையை முன்வைத்து ஆராய்வோம்.

மூன்று தலை மலை

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரின் தென்கிழக்கு ஓரத்தில் ஸ்லொவேனியா என்னும் சிறிய நாடு உள்ளது. 1991ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் பெற்ற நாடு அது. அதன் மிக உயர்ந்த மலை திரிக்லாவ். உயரம் 2864 மீற்றர். 'மூன்று தலை' என்பதே பெயரின் பொருள். திரித்துவம் என்னும் சொல்லில் நாம் காணும் அதே 'திரி'தான் அங்கும் மூன்றைக் குறிக்கின்றது. அந்நாட்டின் கொடியிலும் இம்மலையின் வடிவம் பொறிக்கப்பட்டுள்ளது. மலையைச் சூழ்ந்த ஏறத்தாழ 840 சதுர கிலோமீற்றர் பரப்பு திரிக்லாவ் தேசியப் பூங்காவாகப் பேணப்படுகின்றது. அந்நாட்டில் உள்ள ஒரேயொரு தேசியப் பூங்கா அதுவே. 1924இல் ஏரிகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கைப் பாதுகாப்பதில் தொடங்கிய முயற்சி, 1981இல் இன்றைய எல்லை அளவுக்கு விரிந்தது.

ஸ்லொவேனியர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் திரிக்லாவ் சிகரத்தில் நிற்க வேண்டும் என்பது அம்மக்களிடையே வழங்கும் பேச்சு. முதன்முறை ஏறியவரைச் சிகரத்தில் குனியச் செய்து, கயிற்றால் விளையாட்டாக அடித்து, அதை 'ஞானஸ்நானம்' என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. ஒரு நாடு தன் மலையை இவ்வளவு நேசிப்பது அழகானதே. ஆயினும் அந்த நேசத்துக்குள் ஒரு நெருக்குதலும் மறைந்திருக்கின்றது. எல்லோரும் ஏறுகிறார்கள், நானும் ஏற வேண்டும்; ஏறாதவன் குறைந்தவன் என்ற எண்ணம் மெல்லப் புகுந்துவிடுகின்றது. சிகரத்தில் எடுத்த படத்தை அன்றே ஊரெல்லாம் காணச் செய்யக்கூடிய இக்காலத்தில் அந்த நெருக்குதல் இன்னும் கூடியிருக்கின்றது.

திட்டம் என்பது யாது?

திரிக்லாவை ஏற விரும்புவோர் முதலில் வழியைத் தெரிய வேண்டும். விராத்தா பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தான பாறை வழிகள் உள்ளன. கிர்மா பள்ளத்தாக்கின் வழி நீளமானது, ஆனால் கடினம் குறைந்தது. பொக்லியுக்கா மேட்டு நிலத்திலிருந்து செல்லும் வழியில் ஏற்றம் குறைவு. விராத்தாவிலுள்ள தங்குமடம் 1015 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து சிகரம்வரை 1849 மீற்றர் ஏற வேண்டும். ஏறியதை எல்லாம் இறங்கவும் வேண்டும். ஆகவே பெரும்பாலோர் இடையில் ஓர் இரவு தங்குகின்றனர். சிகரத்துக்குச் சற்றுக் கீழே கிரெதாரித்சா என்னுமிடத்தில் 2515 மீற்றர் உயரத்தில் ஒரு பெரிய தங்குமடம் உண்டு. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சி ஏறத்தாழ அதே உயரந்தான். அந்த மடத்துக்கு அருகே பனிமய மாதாவின் சிற்றாலயமும், 1954 முதல் இயங்கும் வானிலை அவதானிப்பு நிலையமும் இருக்கின்றன. பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க அனுமதி இல்லை. எனவே மடத்தில் இடம் உண்டா என்பதை முன்னரே உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இது சுண்ணாம்புக் கல் மலை. பெய்யும் மழையைப் பாறை உடனே உறிஞ்சிவிடும். மேற்பகுதியில் ஊற்றோ ஓடையோ காண்பது அரிது. பின்னர் பனி. கோடை தொடங்கிய பின்னும் நிழலான சரிவுகளில் இறுகிய பனி கிடக்கும். அதில் வழுக்கினால் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. முன்பு வடபுறச் சரிவில் 40 ஹெக்டேயருக்கும் அதிகமாகப் பரந்திருந்த பனிப்பாறை, இன்று ஒரு ஹெக்டேயர்கூட இல்லாமல் சுருங்கிவிட்டது. பழைய நூலில் படித்த மலை இன்று அப்படியே நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிரெதாரித்சாவிலிருந்து சிகரம்வரை சுமார் ஒரு மணித்தியால வழி. அதுவே மிகக் கூர்மையானது. சிறிய திரிக்லாவ் என்னும் முனையைக் கடந்து, இருபுறமும் பாதாளமாய் விழும் ஒடுங்கிய முகட்டின்மீது செல்ல வேண்டும். பாறையில் இரும்பு முளைகள் அறையப்பட்டு உருக்கு வடம் கட்டப்பட்டுள்ளது. தலைக்கவசமும், உடலை வடத்தோடு பிணைக்கும் வாரும் வேண்டும். கோடைக்காலத்தில் அல்ப்ஸ் மலைகளில் இடிமின்னல் பெரும்பாலும் பிற்பகலிலேயே வரும். அப்போது கையைக் காத்த உருக்கு வடமே மின்னலைக் கொண்டுவரும் கம்பியாக மாறிவிடும்.

வழி, நேரம், நீர், உணவு, உடை, வானிலை ஆகியவற்றை எல்லாம் எழுதிக்கொண்டபின், திட்டத்தின் இறுதி வரி ஒன்று உண்டு. பலர் எழுத மறக்கும் வரி அதுதான்: எத்தனை மணிக்கு, எந்த நிலையில் இருந்தாலும், நான் திரும்புவேன்? மற்ற வரிகள் எல்லாம் மேலே செல்வதற்கானவை. இந்த ஒரு வரி மட்டுமே வீடு திரும்புவதற்கானது.

மேலே நிற்கும் மனம்

நேரத்தை ஏன் முன்கூட்டியே குறிக்க வேண்டும்? அங்கே போய், நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாகாதா? அது அறிவுடைய பேச்சாகவே தோன்றும். ஆனால் முடிவு செய்யப்போகும் மனம் எது என்பதையும் நாம் கேட்க வேண்டும். கீழே மேசையருகே இருந்து வரைபடத்தைப் பார்க்கும் மனம் வேறு. மேலே களைத்து, வியர்த்து, சிகரத்தைக் கண்ட மனம் வேறு. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனி ஒரு மணித்தியாலந்தானே" என்று அது சொல்லும். செலவழித்த உழைப்பு வீணாகிவிடும் என்ற அச்சம், வரப்போகும் ஆபத்தின் அச்சத்தை விழுங்கிவிடும். கருமுகிலைப் பார்த்து "அது வேறு பக்கம் போகும்" என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, தன் வழக்கிலேயே தீர்ப்புச் சொல்கிறான் அல்லவா?

இதை விளக்க, வேறொரு பெருமலையில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த யோரான் குரொப் என்பவர் 1995 ஒக்ரோபரில் தன் நாட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு நேபாளம் வந்து சேர்ந்தார். பிறர் துணையும் செயற்கை ஒட்சிசனும் இன்றி எவரெஸ்ட் சிகரத்தை அடைவதே அவருடைய நோக்கம். 1996 மே 3ஆம் திகதி, சிகரத்துக்கு ஏறத்தாழ 100 மீற்றரே எஞ்சியிருந்தபோது, நேரம் கடந்துவிட்டதைக் கண்டு அவர் திரும்பினார். கண்டங்களைக் கடந்து வந்தவருக்கு அந்த 100 மீற்றர் எவ்வளவு கசந்திருக்கும்! ஒரு வாரம் கழித்து, மே 10ஆம் திகதி, அதே மலையில் பிற்பகல் இரண்டு மணி கடந்தபின்னும் பலர் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். இறங்கும் வழியில் புயல் அவர்களைப் பிடித்தது. அன்றும் மறுநாளும் அந்த மலையில் எட்டுப்பேர் உயிரிழந்தனர். அவர்களுள் அனுபவம் மிக்க வழிகாட்டிகளும் இருந்தனர். குரொப்போ மே 23ஆம் திகதி மீண்டும் ஏறிச் சிகரத்தில் நின்றார்.

மாண்டவர்களை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. அவர்கள் நம்மிலும் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். அந்த உயரத்தில் நாமும் அவ்வாறே செய்திருப்போம் என்பதே உண்மைக்கு அண்மையானது. அதனாலேதான் அறிவுள்ளவன் தன் பிற்பகல் மனத்தை நம்பாமல், காலை மனத்தால் அதைக் கட்டிவைக்கிறான். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மரக்கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு அப்பாலும் ஏற முனைந்தால் உயிருக்கே முடிவாகும் என்று எச்சரிக்கிறார். நுனி எது என்பதைத் தரையில் நிற்கும்போதே கண்டுகொள்ள வேண்டும்.

உயிர் என்னுடையது மட்டுமா?

இனி நமது கேள்வியின் மையத்துக்கு வருவோம். "என் உயிர், என் விருப்பம். விழுந்தால் நான்தானே விழுவேன்?" என்று ஒருவன் வாதிடலாம். மலையில் இந்த வாதம் நில்லாது.

1822ஆம் ஆண்டு யூலை மாதத்தில், நில அளவைப் பணிக்காக இராணுவ அதிகாரி ஒருவர் தன் ஆட்களுடன் திரிக்லாவ் சிகரத்தில் இருந்தார். இடியுடன் கூடிய புயல் அவர்களைச் சூழ்ந்தது. மின்னல் தாக்கி மாண்டவர் அந்த அதிகாரி அல்லர். அவருக்கு வழிகாட்ட வந்த அன்ரன் கொரோஷெட்ஸ் என்பவரே. திரிக்லாவில் பதிவான முதல் மரணம் அது. வேறொருவரின் அலுவலுக்காக மேலே சென்றவர் அவர். அன்றுதொட்டு இன்றுவரை மலையில் ஒருவனுடைய முடிவின் விலையை மற்றொருவன் செலுத்துவது ஓயவில்லை.

1912ஆம் ஆண்டு, இம்மலைகளின் அடிவாரத்திலுள்ள கிராஞ்ஸ்கா கொரா என்னும் ஊரில் மலை மீட்புப் பணி ஒழுங்கமைக்கப்பட்டது. இன்று ஸ்லொவேனியா எங்கும் உள்ள மீட்புக் குழுவினர் பெரும்பாலும் தொண்டர்களே. தச்சரும் ஆசிரியரும் மருத்துவரும் அழைப்பு வந்தவுடன் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகின்றனர். 1997 யூன் மாதத்தில், திரிக்லாவுக்குக் கிழக்கேயுள்ள வேறொரு மலைப்பகுதியில் ஹெலிகொப்டர் மீட்புப் பயிற்சியின்போது அவர்களுள் ஐந்து பேர் ஒரேநாளில் உயிரிழந்தனர். எவரோ ஒருவரை என்றோ ஒருநாள் காப்பாற்றுவதற்காகப் பழகிக்கொண்டிருந்தபோது அது நேர்ந்தது.

அல்ப்ஸ் மலைகளில் ஆபத்தில் சிக்கியவன் உதவி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. 1894 முதல் வழங்கும் முறை அது. விளக்காலோ ஊதுகுழலாலோ குரலாலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை செய்ய வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மீண்டும் ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் சைகை செய்வார். கைத்தொலைபேசி வந்த பின்னரும் இம்முறை கற்பிக்கப்படுகின்றது. மின்கலம் தீர்ந்தாலும் குரல் தீராது என்பதே காரணம். அந்த மூன்று சைகைகளையும் சற்று எண்ணிப் பாருங்கள். பதில் சொல்கிறவன் "யார் நீ? ஏன் இவ்வளவு பிந்தி ஏறினாய்? யார் பிழை?" என்று கேட்பதில்லை. "கேட்டுவிட்டேன்" என்கிறான்; பின்பு வருகிறான்.

மீட்க வருகிறவன் குற்றத்தை விசாரிக்காமல் வருவது சரியா? மூடத்தனத்தால் சிக்கியவனுக்காக ஒரு நல்ல மனிதன் தன் உயிரைப் பணயம் வைக்கத்தான் வேண்டுமா? சிலர் கட்டணம் அறவிடச் சொல்கின்றனர். சில நாடுகளில் அவ்வாறு அறவிடவும் படுகின்றது. ஆனால் கட்டணத்துக்கு அஞ்சி உதவி கேட்கப் பிந்துகிறவன் தன்னையும் மீட்பவரையும் இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளிவிடுவான். மேலும், ஹெலிகொப்டரின் எரிபொருளுக்கு விலை குறிக்கலாம்; இறங்கி வரும் மனிதனின் உயிருக்கு எவர் விலை குறிப்பார்? ஆகவே விசாரியாமல் வருவதே சரி. இரக்கம் தகுதி பார்க்கத் தொடங்கினால் அது இரக்கமாக இராது.

ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவைத் தட்டிக்கழிக்க முடியாது. அவன் நிபந்தனையின்றி வருவான் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே நான் திரும்பும் நேரத்தைக் கடந்து சென்றால், அவனுடைய நற்குணத்தை அவனைக் கேளாமலே செலவழிக்கிறேன். இது வெறும் அவதானக் குறைவு அன்று. இன்னொருவனுக்கு உரியதை எடுத்துக்கொள்ளும் அநீதி. விவேகம், நீதி, திடன், மட்டசனம் என நான்கு தலையான புண்ணியங்களைச் சிறுவயதில் மனனம் செய்தோம். அவை நான்கு தனித்தனிப் பெட்டிகள் என்று நினைத்திருந்தோம். மலையில் அவை ஒன்றாகிவிடுகின்றன. திரும்பும் நேரத்தைக் குறிப்பது விவேகம். அதைக் காப்பது, நமக்காக வரக்கூடியவருக்கு நாம் செலுத்தும் நீதி. சிகரத்தின் ஆசையை அடக்குவது மட்டசனம். தோழர்கள் முன்னிலையில் "நான் திரும்புகிறேன்" என்று முதலில் சொல்வதற்கு வேண்டியது திடன்.

அப்படியானால் ஏறவே கூடாதா?

"இவ்வளவு ஆபத்தும் கடமையும் இருந்தால் வீட்டிலேயே இருப்பதுதானே புண்ணியம்?" என்று கேட்பீர்கள். இல்லை. துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் மூர்க்கத்தனத்துக்கும் நடுவே நிற்பது என அரிஸ்ரோட்டில் கற்பித்தார். ஒன்றிலிருந்து தப்ப மற்றொன்றில் விழுதல் ஆகாது. 1778 ஓகஸ்ட் 26ஆம் திகதி நான்கு துணிந்த மனிதர் திரிக்லாவின் உச்சியில் முதன்முதலாக நின்றனர். இரும்பு முளையோ வடமோ அன்று இருக்கவில்லை. பிற்காலத்தில் பதினோராம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரான அக்கிலே ராத்தி, இளங்குருவாக இருந்தபோது, 1889 யூலையில் மொன்ரே ரோசா என்னும் பெருமலையை அதன் கடினமான கிழக்கு முகத்தால் ஏறினார். தேர்ந்த வழிகாட்டிகள் இருவர் உடன் சென்றனர். உச்சியை அடைந்தபோது மாலையாகிவிட்டது. இருளில் இறங்கத் துணியாமல், உச்சிக்கு அருகே ஒரு பாறைத் திட்டில் கடுங்குளிரில் விடியும்வரை காத்திருந்தனர். அந்த ஏற்றத்தில் ஆபத்து இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் அதை அறிந்திருந்தனர், தம் பலத்தையும் அறிந்திருந்தனர், காத்திருக்கவும் அறிந்திருந்தனர். 1923இல் அவரே புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

எனவே ஆபத்து இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அந்த ஆபத்தை நான் அறிந்து ஏற்றேனா? என்னோடு வருகிறவனும் அறிந்து சம்மதித்தானா? கூட்டத்தில் மிகவும் களைத்தவனுடைய நடையே எல்லோருடைய நடையாக இருக்கிறதா? இவற்றுக்கு நேர்மையாக ஆம் என்று சொல்லக்கூடியவன் ஏறட்டும். இளைத்த தோழனை வழியில் இருத்திவிட்டு "நீ இங்கே இரு, நாங்கள் போய் வருகிறோம்" என்று சிகரத்துக்கு ஓடுகிறவர்கள், சிகரத்தை அடைந்தாலும் எதையோ இழந்தே இறங்குவார்கள்.

ஒரு குருவின் கோபுரம்

திரிக்லாவின் உச்சியில் இன்று ஒரு சிறிய உலோகக் கோபுரம் நிற்கின்றது. அதன் கதையோடு இக்கட்டுரையை முடிப்பது பொருத்தமாகும். யாக்கோப் அல்யாஷ் என்னும் குருவானவர் 1889 முதல் மலையடிவாரத்துத் தோவியே என்னும் பங்கின் குருவாக இருந்தார். தம் மக்களின் மலையில் தம் மொழிக்கு இடமில்லாது போவதைக் கண்டு வருந்திய அவர், 1895இல் சிகரத்தின் 16 சதுர மீற்றர் நிலத்தை ஒரேயொரு புளோரின் பணத்துக்கு வாங்கினார். கோபுரத்தின் பகுதிகளைக் கீழே செய்வித்து, சுமைகாரர் முதுகில் மேலேற்றி, ஓகஸ்ட் 7ஆம் திகதி சில மணித்தியாலங்களில் நாட்டினார். நற்செய்தியில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி வாசிக்கிறோம். அவ்வாறு கணக்கிட்டுக் கட்டிய ஒருவரை இங்கே காண்கிறோம்.

சிகரத்தை விலைக்கு வாங்கியவர் அதை என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தன் பெயரைப் பொறித்துச் சிலை வைக்கவில்லை. காற்றிலும் மழையிலும் அகப்பட்டவர் ஒதுங்கி நிற்பதற்கு ஓர் அறையை வைத்தார். பின்னர் அதையும் மலையேறுவோர் சங்கத்துக்கே அளித்துவிட்டார். மறு ஆண்டு கிரெதாரித்சா மடம் எழுந்ததும் அவர் முயற்சியாலேதான். சிகரத்தைத் தனக்கென எண்ணுகிறவன் ஒரு வகை. தனக்குப் பின் வருகிறவனுக்கென எண்ணுகிறவன் வேறு வகை.

வாசகரே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சிகரம் கண்ணெதிரே, கடிகாரம் நண்பகலில். திரும்புங்கள். அது தோல்வி அன்று. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும். உங்களுக்காகக் கீழே கவலையோடு காத்திருக்கும் தாயும், அழைத்தால் ஓடிவரும் முகமறியா மனிதனும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்கள் தூக்கத்தை நீங்கள் காத்தீர்கள் என்பதை அவர்கள் ஒருபோதும் அறியப்போவதில்லை. அறியப்படாத நன்மையே சுத்தமான நன்மை.

மலையே ஏறாத நமக்கும் சிகரங்கள் உண்டு. கடன்பட்டுக் கட்டும் வீடு, பிறர் கண்ணுக்காக நடத்தும் கொண்டாட்டம், விட்டுக்கொடாத வழக்கு, உடல் தாங்காத உழைப்பு எனப் பல. அங்கேயும் நாம் விழுந்தால் தூக்குவதற்கு எவரோ ஒருவர் கேள்வி கேளாமல் வருவார். அவரை நினைத்து, இன்றே, இன்னும் அடிவாரத்தில் நிற்கும்போதே, திரும்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள்.